குதிரும் தோள்பையும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. தெற்கே பாலாறு. தெருவுக்குத் தெரு பட்டுத்தறி. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் ஊரில் முதலில் நிற்பது தறிதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டுப் பாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு தொய்ந்துவிடும். இழை அடிக்கடி அறும். தெருவில் பாவை நீட்டிப் போட வழியிராது. குழித்தறியில் நெய்பவர் காலை இறக்கி மிதிக்கும் பள்ளத்துக்குள் நீர் ஊறும். தறி நின்றால் கூலி நிற்கும். பசி அப்படி நிற்பதில்லை.

அதனால், ஆபத்துக் காலத்துக்கென்று உணவும் நீரும் சேர்த்து வைப்பது இத்தகைய நெசவூர்களில் புயல் எச்சரிக்கை கேட்ட பிறகு நினைவுக்கு வரும் காரியமாக இருந்ததில்லை. ஆண்டுதோறும் அடைமழை வரும், ஆண்டுதோறும் சில வாரம் கூலி இல்லாமல் போகும் என்பது தெரிந்த கணக்கு. அந்தக் கணக்குக்கான ஏற்பாடு கோடையிலேயே தொடங்கிவிடும்.

பங்குனி, சித்திரை வெயிலில் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து அதன்மேல் அரிசிக்கூழ் வடாம் இட்டார்கள். கொத்தவரங்காய், சுண்டைக்காய், மணத்தக்காளி எல்லாம் உப்பும் மோரும் ஏறி வற்றலாயின. மிளகாய் மோரில் ஊறிக் காய்ந்து மோர்மிளகாய் ஆயிற்று. மாவடுவும் நார்த்தங்காயும் பீங்கான் ஜாடிக்குள் போயின. புலால் உண்ணும் வீடுகளில் கருவாடு ஓலைப்பெட்டியில் இருந்தது. புளியைக் கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து உருட்டி, மண்பானையில் அடைத்தார்கள். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்தார்கள். அரிசிப் பானையில் காய்ந்த வேப்பிலை போட்டார்கள். பூச்சியும் ஈரமும் அணுகாமல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதற்கு இவ்வளவு வேலை.

எரிபொருளும் அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி. வறட்டியும் சுள்ளியும் பரணில் ஏறின. அரிசி இருந்தும் விறகு நனைந்துவிட்டால் பட்டினிதான் என்பதை மழைக்காலத்தில் சமைத்த யாரும் அறிவார்கள். ஆகவே அடுப்பு எரியாத நாளுக்கென்று அவலும் பொரியும் பொட்டுக்கடலையும் வெல்லமும் தனியே இருந்தன. அவலை நீரில் நனைத்து வெல்லத்தைத் தூளாக்கிப் போட்டால் குழந்தைகளுக்கு ஒரு வேளை தீர்ந்தது. கேழ்வரகு மாவுக்குக் கொஞ்ச நேரத் தீ போதும். கூழாகக் காய்ச்சிவிட்டால் மறுநாள் வரை வைத்துக் குடிக்கலாம்.

எது எத்தனை நாள் தாங்கும் என்பது அந்தச் சமையலறையில் யாரும் எழுதி வைக்காத அறிவு. நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் வாரக்கணக்கில் நிற்கும். அதைச் சோற்றில் கலந்தால் இரண்டு நாள். தேங்காய் சேர்த்ததை அன்றே தீர்க்க வேண்டும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி இந்த அறிவின் பெருமை மிக்க சாட்சி. மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து ஆவியில் வேகும் அந்த இட்லி சாதாரண இட்லியைவிடக் கூடுதல் நாள் தாங்கும். யாத்திரை வந்தவர்கள் அதைக் கட்டிக்கொண்டு போனார்கள். கட்டுச்சோறு, கோயில் இட்லி, பொருள்விளங்காய் உருண்டை என்று எடுத்துச் செல்லும் உணவுக்கு நம்மிடம் நீண்ட மரபு உண்டு. அது பயணத்துக்கான மரபு. வெள்ளத்தில் வீட்டை விட்டு ஓடுவதற்காக யாரும் அதைத் தயாரித்து வைத்ததில்லை.

நீருக்கான ஏற்பாடும் வீட்டிலேயே இருப்பவர்களுக்கானதுதான். கிணற்று நீரும், பாலாற்று மணலில் தோண்டிய ஊற்று நீரும் ஊருக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. மேலே நீர் ஓடாத மாதங்களிலும் மணலுக்கடியில் ஓடுகிற ஆறு அது. மழைக்காலத்தில் கிணறு மேலேறி நீர் கலங்கினால், தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரசிவிட்டு ஊற்றி வைத்தார்கள். சில மணி நேரத்தில் சேறு அடியில் படியும். மேல்நீரை வடித்துச் செம்புக் குடத்தில் நிரப்பினார்கள். இரவு முழுதும் செம்பில் வைத்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிவதை இக்கால ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகிவிடாது. வெள்ளத்துக்குப் பின் காலரா ஊர் ஊராகப் பரவிய காலமும் அதுவே. தேற்றாங்கொட்டை கண்ணுக்குத் தெரிந்த அழுக்கை எடுத்தது, தெரியாததை விட்டுவைத்தது.

இந்தச் சித்திரத்தை அழகாக்கிப் பார்ப்பது எளிது. எல்லா வீட்டிலும் நெல் சேர்க்கும் குதிர் இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நெல் விளைவித்தவன் வீட்டில் குதிர். நெய்தவன் வீட்டில் சில பானைகள். நெசவாளி அரிசியை வாங்கித்தான் ஆக வேண்டும், அதுவும் பெரும்பாலும் கடனுக்கு. பஞ்சம் வந்தால் விலை ஏறும். துணி வாங்குவதை எல்லாரும் முதலில் நிறுத்துவார்கள். ஆகவே நெசவாளியின் பானை மற்றவர்களுடையதற்கு முன்பே காலியாகும். தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும், 1876 முதல் 1878 வரை நீடித்த கொடுமை அதைத்தான் காட்டியது. 1877இல் நிவாரண வேலை செய்பவருக்கு பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும். ஒரு பவுண்டு என்பது 450 கிராம் சொச்சம். அரிசியாகக் கொண்டால் சுமார் 1,600 கலோரி. உடலுழைப்பவருக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். இன்று பேரிடர் முகாம்களுக்கு உலக அளவில் ஏற்கப்பட்டிருக்கும் அளவு ஆளுக்கு 2,100 கலோரி. நூற்றாண்டைத் தாண்டிப் பார்க்கும்போது கார்னிஷ் பக்கம்தான் நியாயம் இருந்திருக்கிறது. பின்னால் வந்த பஞ்சச் சட்டத் தொகுப்புகளில் நெசவாளர்களுக்கென்று தனி உதவி சேர்ந்தது: மண் வெட்ட அனுப்பாமல் அவர்கள் தொழிலிலேயே வேலை கொடுப்பது. மென்மையான பட்டிழையைப் பழகிய விரல்கள் கடப்பாறை பிடித்துக் காய்த்துப்போனால், பஞ்சம் முடிந்த பிறகும் தறிக்குத் திரும்ப முடியாது அல்லவா?

இன்னும் பழைய ஒரு சேமிப்பு இந்த வட்டாரத்திலேயே கல்லில் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பழையசீவரத்துக்கு எதிர்க்கரைப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைப் பற்றி அது பேசுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், பணிப்பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் நெல்லும் காசும். நோயாளிக்கு நாளொன்றுக்கு நாழி அரிசி. ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்ப் பட்டியல். ஏலமும் வெட்டிவேரும் இட்ட குடிநீர். மூன்று ஆறுகள் கூடுகிற, வெள்ளம் தெரிந்த ஒரு கரையில், ஓராண்டு இருப்பைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கிறார்கள். எது, எவ்வளவு, யார் பொறுப்பு என்ற மூன்றையும் அது விடாமல் சொல்கிறது. இன்றைய எந்தப் பட்டியலும் அதைவிடத் தெளிவாக இருந்துவிடாது.

இப்போது குதிர் வீட்டில் இல்லை. அது கிடங்குக்குப் போய்விட்டது. இதை இழப்பென்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற பேச்சு ஓர் ஆட்சி மாற்றத்தின் பகுதியாக இருந்த மாநிலம் இது. 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. அதற்கு முன், 2000களின் தொடக்கத்தில்கூட நெசவாளர்களுக்குக் கஞ்சித்தொட்டி திறக்க வேண்டியிருந்தது. நெய்து நெய்து உலகத்துக்குக் கல்யாணப் புடவை கொடுத்தவர்கள் தட்டேந்தி நின்ற நிலை அது. மழை பத்து நாள் நின்று பெய்தாலும் வீட்டில் ரேஷன் அரிசி இருக்கும் என்ற இன்றைய நிலையை, பானை காலியான வீட்டின் நினைவுள்ளவர்கள் சிறிதாக எண்ணமாட்டார்கள்.

ஆனால் அரிசி மட்டும் இருந்தால் ஆயிற்றா? வடாமும் வற்றலும் இப்போது கடைப் பாக்கெட்டில் வருகின்றன. காய்கறி அன்றாடம் வாங்குவது. பால் காலையில் ஆவின் பாக்கெட்டில். இட்லி மாவுகூடக் கடையில். விறகின் இடத்தில் சிலிண்டர் வந்ததில் பெண்களின் கண்ணும் நுரையீரலும் பிழைத்தன; அது பெரிய லாபம். அடுத்த சிலிண்டர் லாரி வரும் சாலை மூழ்கினால் என்ன செய்வது என்பது புதிய கேள்வி. கிணற்றில் கயிறும் வாளியும் இருந்தவரை நீருக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பில்லை. இன்று ஆழ்துளைக் கிணறு, மோட்டார், மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், 20 லிட்டர் கேன். மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும். சாலை போனால் கேன் வராது. சுற்றிலும் நீர் நிற்க, குடிக்க நீரில்லாத வீடு என்பது நம் காலத்துக்கே உரிய வறட்சி.

2015இல் அது தெரிந்தது. அன்று தாம்பரமும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. டிசம்பர் 1ஆம் தேதிப் பெருமழையில் அங்கே பதிவானது 49 சென்டிமீட்டர். ஏரிகள் நிறைந்தன, உடைந்தன; பால் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் பல மடங்கு விலைக்குப் போயின. 2021 நவம்பரில் பாலாறு தன் முறைக்கு வந்தது. ஆண்டுக்கணக்கில் வெறும் மணலாகக் கிடந்த ஆறு, வாலாஜா அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி ஓடியது. வாலாஜாபாத்துக்கும் அவளூருக்கும் இடையிலான தரைப்பாலம் சேதமாகி, ஆற்றுக்கு இருகரை ஊர்களும் பிரிந்தன. 1903இல் இதே ஆறு வாணியம்பாடியில் பெருகியபோது நூற்றுக்கணக்கானோர் இறந்தனர்; அதற்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. அன்று வெள்ளத்துக்கு முன்னறிவிப்பு என்பது ஆற்றின் சத்தம் மட்டுமே. 2021இல் அணைக்கட்டிலிருந்து நீரின் அளவு மணிக்கு மணி வந்தது. கரையோர மக்களை மேட்டுக்கு அனுப்ப நேரம் இருந்தது. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் இருந்தது. 1077 என்ற எண் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் ஒலித்தது. 1903இல் இல்லாத அந்தச் சில மணி நேரம்தான் இந்த நூற்றாண்டு நமக்குத் தந்த மிகப் பெரிய கொடை.

அந்தச் சில மணி நேரத்தில் எதை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்பதற்குக் குதிரில் பதில் இல்லை. குதிர் வீட்டிலேயே இருப்பவர்களைக் காத்தது; அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பேரிடர் மேலாண்மைத் துறைகள் இன்று சொல்வது தோளில் மாட்டும் பை: மூன்று நாளைக்கான சமைக்க வேண்டாத உணவு, நீர், மருந்து, டார்ச், தீப்பெட்டி, ரேடியோ, நனையாமல் கட்டிய ஆவணங்கள். நியாயமான பட்டியல்தான். அதன் உணவுப் பகுதியைப் பிஸ்கட்டும் ரொட்டியும் உடனடி நூடுல்ஸும் கொண்டு நிரப்புவதைக் காணும்போதுதான் வருத்தம் வருகிறது. நூடுல்ஸுக்கு வெந்நீர் வேண்டும். ரொட்டி மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். நம் பரணிலேயே இருந்த விடை மறந்துபோயிற்று. 300 கிராம் அவல், 100 கிராம் வறுத்த வேர்க்கடலை, 100 கிராம் வெல்லம்: மொத்தம் அரைக் கிலோ, ஏறத்தாழ 2,000 கலோரி. தீ வேண்டாம், ஒரு கிண்ணம் நீர் போதும். டெம்பிளின் ஒரு பவுண்டைவிட ஏறத்தாழ 50 கிராம்தான் கூடுதல். அது போதாமல் போன இடத்தில் இது ஓர் ஆளை ஒரு நாள் நிமிர்ந்து நடக்க வைக்கும். நால்வர் குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு ஆறு கிலோ. சிறு பிள்ளையும் முதியவரும் இருந்தால் கேழ்வரகோ பயறோ வறுத்து அரைத்த சத்துமாவு, ஒரு பொட்டலம் உப்பு, சர்க்கரை, ஓஆர்எஸ் தூள்.

வீட்டுச் சேமிப்பின் மிச்சம் இன்னும் எங்கே உயிரோடு இருக்கிறது என்பதை 2023 டிசம்பர் காட்டியது. தாமிரபரணிப் பக்கம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தண்டவாளத்தின் அடிமண் கரைந்து, செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலம் போடுவதற்கு முன்பே, பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். அவர்கள் வீடுகளும் அதே மழையில்தான் இருந்தன. எந்தப் பையும் இதைச் செய்திருக்காது. பை தன் குடும்பத்துக்கு அளந்தது. அளவுக்கு மேல் கொஞ்சம் வைத்திருக்கும் வீடுதான் அடுத்தவருக்கு இலை போடும். அன்றாடம் வாங்கி அன்றாடம் தீர்க்கும் நம் பழக்கத்தில் காணாமல் போனது அந்தக் கொஞ்சம்.

ஐயம்பேட்டைக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அது எந்த அரசுப் பட்டியலிலும் வராது. தறியில் ஏறியிருக்கும் பாவு. பட்டும் ஜரிகையும் பெரும்பாலும் நெய்பவருடையவை அல்ல. முதலாளியோ நெசவாளர் கூட்டுறவுச் சொசைட்டியோ கொடுத்தவை. பூவேலைக்கான ஜக்கார்டு பெட்டி தலைக்கு மேலே இருப்பதால் தப்பிவிடும். பாவு தரையை ஒட்டி நீண்டு கிடக்கிறது. பாதி நெய்த புடவையை அறுத்து எடுத்துப் பையில் வைக்க முடியாது. நனைந்தால் நஷ்டக் கணக்கு யார் தலையில் விழும் என்று தெரிந்திருப்பதால்தான், கிளம்பச் சொல்லும்போது வீட்டுக்கு ஒருவராவது பின்தங்குகிறார். வெளியே இருந்து பார்ப்பவர் இதைப் பிடிவாதம் என்பார். அவர் காவல் காப்பது பல மாதக் கூலியை. குழித்தறி இருக்கும் தெருக்களில் முகாமுக்குப் போகும் பையும் வேண்டும், பின்தங்கும் ஒருவருக்கு வீட்டில் இருப்பும் வேண்டும். பாவைப் போர்த்தத் தடித்த பாலித்தீன் தாளும், குழியில் ஊறும் நீரை இறைக்க ஒரு வாளியும் இந்த ஊரின் பட்டியலில் அவசியம். பாவு தப்பும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மனிதர் கிளம்புவார்.

நீரின் எடையைக் கணக்குப் பார்த்தாலும் இரண்டும் வேண்டும் என்றே தெரிகிறது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால், நால்வருக்கு மூன்று நாளில் 48 லிட்டர். அதாவது 48 கிலோ, ஏறத்தாழ இரண்டரைக் கேன். இடுப்பில் குடம் சுமந்து பழகிய தலைமுறையாலும் அதைத் தூக்கிக்கொண்டு முழங்கால் நீரில் நடக்க முடியாது. ஆகவே பையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் போதும், முகாம் போய்ச் சேரும் வரைக்கும். மீதியை மூடி இறுகிய கேனிலும் அண்டாவிலும் தரையில் வைக்காமல், பரணிலோ மாடிப்படியின் மேல்தட்டிலோ ஏற்ற வேண்டும். பின்தங்குபவர் குடிப்பதற்கு அது. கலங்கிய நீரானால் வடித்துக் கொதிக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் குளோரின் மாத்திரை. அவலும் கடலையும் பையிலேயே கிடந்து சிக்கு வாடை அடிக்கக் கூடாது. மாதம் ஒருமுறை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாம். ரேஷன் அட்டை, ஆதார், சொசைட்டி பாஸ்புத்தகம், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். வடாம் இட்ட வெயில் போய் ஆடி பிறந்ததும் இதையெல்லாம் ஒருமுறை இறக்கிப் பார்த்துக்கொண்டால், ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதம் கையில் இருக்கும்.